இருப்போரும் இல்லாதோரும்: உத்தரப் பிரதேசக் குடிக்கணக்கு காட்டும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் பழைய இலக்கியத்தையும் துருவி ஆராய்வர். அரசாங்கம் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் குடிக்கணக்கை வரலாற்று ஆவணமாகக் கொண்டு படிப்போர் மிகச் சிலரே. எண்கள் மண்டிக் கிடக்கும் அந்தத் தொகுதிகளைக் கண்டதுமே பலருக்குக் கொட்டாவி வருவது இயல்பு. ஆயினும் பெயர் தெரியாத கோடிக்கணக்கான ஏழை மக்கள் தங்கள் வாழ்வின் சுவடுகளை விட்டுச் சென்ற இடம் அதுவே. அரசர்க்குக் கல்வெட்டு வாய்த்தது. உழவனுக்கும் கூலியாளுக்கும் வாய்த்தது கணக்கனின் ஏட்டில் ஒரு வரிதான்.

குடிகளை எண்ணும் வழக்கம் இந்தியாவுக்குப் புதியதன்று. கௌடிலீயரின் அர்த்தசாத்திரம், ஊர்க் கணக்கன் தன் பொறுப்பிலுள்ள ஊர்களில் எத்தனை வீடுகள் உள்ளன, அவற்றில் வாழ்வோர் யார், அவர்தம் தொழில் யாது, வரவு செலவு யாது என்பனவற்றையெல்லாம் பதிந்து வைக்க வேண்டும் என விதிக்கிறது. வரி வாங்குவதற்கும் ஆள் திரட்டுவதற்கும் அக்கணக்கு வேண்டியிருந்தது. அர்த்தசாத்திரம் பேசும் கங்கைச் சமவெளியிலேயே, பிற்காலத்தில் ஆங்கிலேயரும் தங்கள் தொடக்கக் கணக்குகள் சிலவற்றை எடுத்தனர் என்பது கருதத்தக்கது. இந்தியா முழுவதற்குமான முதல் கணக்கு 1872ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதற்கு முன்பே, வடமேற்கு மாகாணங்கள் என அக்காலத்தில் வழங்கிய பகுதியில் 1853லும் 1865லும் தலைக்கணக்கு எடுக்கப்பட்டிருந்தது. 1856இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அயோத்தி நாட்டில், அதாவது அவத்தில், 1869இல் தனிக் கணக்கு எடுத்தனர்.

இவ்விரு பகுதிகளும் 1877இல் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன; 1902இல் ஆக்ரா அவத் ஐக்கிய மாகாணங்கள் எனப் பெயர் பெற்றன; 1950 ஜனவரி 24ஆம் நாள் முதல் உத்தரப் பிரதேசம் ஆயின. 2000ஆம் ஆண்டு நவம்பரில் மலைப்பகுதி மாவட்டங்கள் பிரிந்து தனி மாநிலமாயின. அது முதலாய் எஞ்சி நிற்பது சமவெளியும் தெற்கே சிறிது கரடுமான நிலமும் கொண்ட மாநிலமே.

அதன் பருமையை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். முழு விவரங்களோடு வெளிவந்துள்ள 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாநிலத்து மக்கள் 19 கோடியே 98 இலட்சம் பேர். தென் அமெரிக்காவின் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிய பிரேசில் நாடு 2010இல் எடுத்த கணக்கில் 19 கோடியே 8 இலட்சம் பேரே இருந்தனர். மலேசிய நாட்டின் மக்கள் அதே ஆண்டில் 2 கோடியே 83 இலட்சம். அதைப்போல் ஏழு மடங்கு உத்தரப் பிரதேசம். அலகாபாத் மாவட்டம் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 59 இலட்சத்து 50 ஆயிரம் பேர். 2010இல் சிங்கப்பூர் முழுவதிலும் இருந்தோர் அதனினும் எட்டு இலட்சத்துக்கு மேல் குறைவு. 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய இம்மாவட்டம் 2011இல் அம்மாநிலத்தில் இருந்த 71 மாவட்டங்களுள் ஒன்று, அவ்வளவே. சராசரியாகச் சதுரக் கிலோமீட்டருக்கு 829 பேர் வாழ்ந்தனர்.

எனினும் பருமை மட்டும் எதையும் விளக்குவதில்லை. அம்மாநிலத்தின் கதையை அறிய, குடிக்கணக்கின் பல பத்திகளுள் ஒரு பத்தியை மட்டும் விடாது பற்றிக்கொண்டு செல்வது நல்லது. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் எத்தனை பேர் என்று காட்டும் பத்தி அது. உழவு, கூலி, நோய், கடல் கடந்த பயணம், பெண்ணின் நிலை ஆகிய எல்லாம் அந்த ஒற்றைப் பத்தியில் வந்து கூடுகின்றன.

தேய்ந்த இருபதாண்டு

மக்கள் பெருக்கம் என்றால் உத்தரப் பிரதேசமே நினைவுக்கு வரும் இக்காலத்தில், அங்கே மக்கள் தொகை குறைந்துகொண்டே வந்த காலமும் ஒன்று இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். மலைப்பகுதியும் சேர்ந்திருந்த பழைய எல்லைக்குள் 1901இல் சுமார் 4 கோடியே 86 இலட்சம் பேர் இருந்தனர். 1911இல் அது 4 கோடியே 81 இலட்சமாகவும், 1921இல் 4 கோடியே 67 இலட்சமாகவும் சுருங்கிற்று. இருபதாண்டில் பிறந்தோர் அத்தனை பேரையும் ஈடுகட்டி, அதற்கு மேலும் இருபது இலட்சம் பேரைச் சாவு கொண்டுபோயிற்று என்பதே இதன் பொருள். 1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக் நோய் கங்கைக் கரையில் பல்லாண்டு நின்று வாட்டியது. 1908ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குப் பின் மலேரியாக் காய்ச்சல் பெருகி ஊர் ஊராகச் சாய்த்தது. 1918இல் உலகையே சுற்றிய இன்புளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஐக்கிய மாகாணங்கள் பெரிதும் அடிபட்ட பகுதிகளுள் ஒன்று.

இக்கொள்ளை நோய்கள் ஆணையும் பெண்ணையும் ஒரே அளவிற் கொல்லவில்லை. இன்றைய எல்லைக்கு இசையக் கணக்கிட்டால், 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 938 பெண்கள் இருந்தனர். 1911இல் 916, 1921இல் 908. எலி செத்து விழும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தவர்களும், நோயாளிகளுக்கு அருகிருந்து பணி செய்தவர்களும் பெண்களே. தங்களுக்கு நோய் வந்தபோது மருந்தும் உணவும் கடைசியாகவே அவர்களுக்குக் கிட்டின.

1921க்குப் பின் கணக்கு ஏறத் தொடங்கியது. 1951இல் 6 கோடியே 32 இலட்சம்; 1971இல் 8 கோடியே 83 இலட்சம். அதன்பின் முப்பதாண்டுக் காலம் ஒவ்வொரு பத்தாண்டிலும் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் பெருகிற்று. 2001க்கும் 2011க்கும் இடையேதான் அவ்வேகம் நூற்றுக்கு இருபது என்னும் அளவுக்குத் தணிந்தது. சாவு முன்னர்க் குறைந்து பிறப்பு பின்னர்க் குறைவதே உலகெங்கும் கண்ட முறை. உத்தரப் பிரதேசத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நெடிதாய்ப் போயிற்று. பெண் கல்வி பின்தங்கியதை இதற்குத் தலையாய காரணமாகக் கொள்வதில் தவறில்லை. 1951இல் அங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறக்குறைய பத்தில் ஒருவரே. 2011இலும் ஆண்களில் நூற்றுக்கு 77 பேர் எழுத்தறிந்திருக்க, பெண்களில் 57 பேரே அறிந்திருந்தனர். நேபாள எல்லையிலுள்ள சிராவஸ்தி மாவட்டத்தில் ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்தே பாதிக்குக் குறைவு. புத்தர் பல மழைக்காலங்களைக் கழித்து அறம் உரைத்த ஊர் அது.

ஜான்பூரின் புதிர்

இனி மாவட்ட வாரியாக அந்த ஒற்றைப் பத்தியைப் பார்க்கலாம். 2011இல் மாநிலம் முழுவதற்கும் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 912. தமிழ்நாட்டில் 996. ஆனால் கிழக்கே ஜான்பூர் மாவட்டத்தில் 1,024, ஆஜம்கரில் 1,019, தேவரியாவில் 1,017. மேற்கே தில்லியை ஒட்டிய கௌதம புத்த நகர் மாவட்டத்திலோ 851. ஒரே மாநிலத்துக்குள் இத்தனை வேற்றுமை ஏன்?

ஜான்பூரில் பெண்கள் சீராகவும் சிறப்பாகவும் நடத்தப்படுவதால் அவர்கள் மிகுந்திருக்கின்றனர் என்று விரைந்து முடிவு கட்டுவோர் இந்திய வரலாற்றின் ஒரு பக்கத்தை மறந்தவராவர். காசியில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜொனாதன் டங்கன் 1789இல் ஒரு கொடுமையைக் கண்டு வெளிப்படுத்தினார். இராஜ்குமார் எனப்படும் இராஜபுத்திரக் குலத்தார் பிறந்த பெண் மகவைக் கொன்றுவிடுகின்றனர் என்பதே அது. அக்குலத்தார் வாழ்ந்த இடம் இந்த ஜான்பூர்ப் பகுதியே. தம்மினும் உயர்ந்த குலத்திலேயே பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டும், அதற்கு ஆகும் சீதனச் செலவும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. இனி அவ்வாறு செய்வதில்லை என அவர்களிடம் எழுதி வாங்கினார் டங்கன். 1795இல் அது கொலைக்குற்றம் எனச் சட்டமாயிற்று. எழுதிக் கொடுத்த ஏடும் இயற்றிய சட்டமும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 1870இல், பெண் சிசுக் கொலையைத் தடுக்க மீண்டும் ஒரு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஐயத்துக்கு இடமான ஊர்களையும் குலங்களையும் தனியே குறித்து, அங்குப் பிறந்த ஆண் பெண் குழந்தைகளை எண்ணிப் பதியும் முறை அப்போது வந்தது. குடிக்கணக்கு ஒரு குற்றத்தைத் துப்புத் துலக்கும் கருவியானதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பெண் மகவைக் கொன்ற பழிக்கு முதலில் ஆளான நிலம், இரண்டு நூற்றாண்டு கழித்துப் பெண்கள் மிகுந்த மாவட்டமாக ஏட்டில் நிற்கிறது. இதுதான் புதிர். பெண்கள் கூடியதால் அன்று, ஆண்கள் வெளியேறியதால் வந்த மிகுதி இது என்று அறிந்தால் புதிர் அவிழும். கணக்கன் வந்த நாளில் வீட்டிலிருந்தோரை அவன் எழுதிச் சென்றான். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தவர் அந்த அந்த நகரத்துக் கணக்கில் ஏறினர். பழைய காலத்தில் இது மேலும் தெளிவாக இருந்தது. 1881 முதல் 1931 முடிய, நிலவொளி உள்ள ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, நாடு முழுவதும் அந்த ஒரே இரவில் யார் எங்கிருக்கிறார்களோ அங்கேயே எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்குகளிலேயே கிழக்கு மாவட்டங்கள் சிலவற்றில் பெண்கள் ஆண்களினும் மிகுந்திருந்தனர்.

பிழைப்புத் தேடிக் கிழக்கே சென்ற ஆண்களைப் பற்றி வீட்டிலிருந்த பெண்கள் பாடிய நாட்டுப் பாடல்கள் போஜ்புரி மொழியில் மலிந்து கிடக்கின்றன. கணவனைக் கொண்டுபோகும் இரயில் வண்டி அப்பாடல்களில் சக்களத்தி எனப் பழிக்கப்படும். பிரிவைப் பாலைத்திணையாக வகுத்த தமிழ் மரபில் வந்தவர்க்கு அவற்றின் சுவை எளிதிற் புலப்படும். சங்கப் பாடலின் தலைவன் பொருள் தேடிக் காடும் மலையும் கடந்தான்; போஜ்புரிப் பாடலின் தலைவன் சணல் ஆலைக்குப் போனான்.

கால்வாய் மேற்கே, வறுமை கிழக்கே

ஆண்கள் வெளியேறியது கிழக்கிலிருந்தே மிகுதி. அதற்கு நிலத்திலும் நில உரிமையிலும் காரணங்கள் உண்டு. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட மேற்குப் பகுதியில் ஆங்கிலேயர் பெருங்கால்வாய்களை வெட்டினர். ஹரித்துவாரத்திலிருந்து புறப்படும் கங்கைக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. மீரட், முசாபர்நகர்ப் பக்கத்து உழவர், வானம் பொய்த்தாலும் விளைவு பொய்யாத நிலத்தைப் பெற்றனர். கரும்பும் கோதுமையும் அவர்களுக்குப் பணத்தைத் தந்தன. 1960களின் பிற்பகுதியில் புதிய கோதுமை விதைகள் வந்தபோது அவற்றின் முழுப் பயனையும் அடைந்தவர் அவர்களே. நீர் முன்பே கைவசம் இருந்ததல்லவா?

கிழக்கே நிலைமை வேறு. மழை அங்கு மேற்கைவிட மிகுதி, மண்ணும் வளமானதே. வளமான மண்ணே மக்களை நெருக்கிற்று என்றுகூடச் சொல்லலாம். காசிப் பகுதியில் 1795இல் வரியை என்றைக்கும் மாறாதபடி ஜமீன்தார்களோடு நிலையாக முடித்துக் கொடுத்தனர். விளைச்சலும் விலையும் ஏறியபோது அந்த ஏற்றம் அரசுக்கும் சேரவில்லை, உழவனுக்கும் சேரவில்லை. இடையில் நின்றவர்களிடமே தங்கிற்று. ஆண்டவனுக்கும் பூசைக்கும் நடுவே பூசாரிகள் பெருகியதுபோல், ஜமீன்தாருக்கும் உழவனுக்கும் நடுவே குத்தகைக்கு மேல் குத்தகையாகப் பல படிகள் தோன்றின. விடுதலைக்குப் பின் இயற்றிய ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1952 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிலையான குத்தகை உரிமை பெற்றிருந்தோர் அதனால் நிலத்துக்கு உடையவராயினர். நிலமே இல்லாத கூலியாட்களுக்கு, குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு, அச்சட்டம் தந்தது மிகக் குறைவு. 2011இல் அம்மாநிலத்தில் பட்டியல் வகுப்பினர் 4 கோடியே 14 இலட்சம் பேர், ஐவரில் ஒருவர். வேறு எந்த இந்திய மாநிலத்திலும் அவர்கள் இத்தனை பேர் இல்லை. ஜமீன் ஒழிப்பைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த எண்ணையும் அருகில் வைத்துப் பார்ப்பது முறை.

இத்தகைய நிலத்திலிருந்துதான் ஆட்கட்டிகள் கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளைத் திரட்டினர். 1879 முதல் 1916 வரை பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களுள் பெரும்பாலோர் பஸ்தி, கோண்டா, பைசாபாத், ஆஜம்கர் முதலிய மாவட்டத்தினர். பஸ்தி மாவட்டத்தாரே முதலிடம் பெற்றனர். மொரீசியஸ், டிரினிடாட், கயானா, சுரினாம் ஆகிய இடங்களுக்கும் அவ்வாறே சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் பிஜிக்கு ஏற்றப்பட்டனர். பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைந்து பாடிய பாட்டில் வரும் துயரத்தில் அவத்து நாட்டுப் பெண்களுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த கிழக்கு உத்தரப் பிரதேசத்தார் தொகையிற் சிறியவர். மாடு வளர்த்துப் பால் விற்றும், கிடங்குகளுக்குக் காவல் நின்றும் பிழைத்த அவர்களைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர்.

ஈண்டு மொழி பற்றிய ஒரு செய்தியையும் சொல்லலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கு உத்தரப் பிரதேச மக்களில் நூற்றுக்கு 94 பேரை இந்தி பேசுவோர் என்று காட்டும். துளசிதாசர் இராம காதையைப் பாடிய அவதியும், சூர்தாசர் கண்ணனைப் பாடிய விரஜமொழியும், கிழக்கத்தியாரின் போஜ்புரியும் ஆகிய யாவும் அந்த 94க்குள் அடக்கப்பட்டவை. தாயகத்து ஏட்டில் இந்தியின் கிளையாக மட்டுமே எழுதப்படும் போஜ்புரி, மொரீசியசில் தன் பெயராலேயே வழங்குகிறது.

உழவன் கூலியானான்

கடல் கடந்த பயணம் 1917க்குப் பின் நின்றது. ஊரைவிட்டுச் செல்வது நிற்கவில்லை. திசை மட்டும் மாறிற்று. கல்கத்தாவின் சணல் ஆலைகள் தேய, பம்பாய், சூரத், தில்லி, லூதியானா ஆகிய நகரங்கள் இழுத்தன. 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அதற்கு முந்திய பத்தாண்டில் பிற மாநிலங்களிலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கு வந்தவரைவிட அங்கிருந்து வெளியேறியவர் சுமார் 27 இலட்சம் பேர் மிகுதி. இந்திய மாநிலங்களுள் இதுவே மிகப் பெரிய இழப்பு. அடுத்து வந்த பீகாரின் இழப்பு 17 இலட்சம்.

இதன் காரணத்தைத் தொழிற் பட்டியல் காட்டுகிறது. 2001இல் அம்மாநிலத்தில் தொழில் செய்தோருள் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிட்ட உழவர் 2 கோடியே 22 இலட்சம். விவசாயக் கூலிகள் 1 கோடியே 34 இலட்சம். பத்தாண்டு கழித்து உழவர் 1 கோடியே 91 இலட்சமாகக் குறைந்தனர்; கூலிகளோ 1 கோடியே 99 இலட்சமாயினர். உழவன் தொகையைக் கூலியாள் தொகை விஞ்சிற்று. உழவே உயிர்நாடி என்று சொல்லப்படும் ஒரு மாநிலத்தில் இது சிறிய மாறுதலன்று. தந்தையின் நிலம் மக்களுக்குப் பங்காகி, பங்கு மீண்டும் பங்காகி, 2010–11இல் எடுத்த வேளாண்மைக் கணக்கில் சராசரி நில உடைமை 0.76 ஹெக்டேராக நின்றது. இரண்டு ஏக்கருக்கும் குறைந்த அத்துண்டு ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சோறிடுவது அரிது. தொழில் செய்தோருள் மூவரில் ஒருவர்க்கு ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைந்த வேலையே கிடைத்தது.

கைத்தொழிலுக்கு அங்குக் குறைவில்லை என்பது உண்மையே. காசிப் பட்டு, பதோஹிக் கம்பளம், மொராதாபாத் பித்தளை, அலிகர்ப் பூட்டு, பிரோசாபாத் கண்ணாடி வளையல், இலட்சுமணபுரியாகிய லக்னோவின் சிக்கன் பூவேலை என்று நாடறிந்த பொருள்கள் பல. மாநிலத்து மக்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேரான முஸ்லிம்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக இக்கலைகளைக் காத்து வந்தவர். ஆயினும் வீட்டுத் தொழிலில் ஈடுபட்டோர் என 2011இல் பதியப்பட்டோர் 39 இலட்சம் பேரே. தொழில் செய்தோருள் நூற்றுக்கு ஆறு. ஊசியும் நூலும் கொண்டு வீட்டுத் திண்ணையில் பூவேலை செய்யும் பெண்ணைக் கணக்கன் தொழிலாளியாக எழுதினானா, இல்லாளாக எழுதினானா என்பது அவன் கேட்ட கேள்வியையும், யாரிடம் கேட்டான் என்பதையும் பொறுத்தது. ஆண்களில் நூற்றுக்கு 48 பேரும் பெண்களில் 17 பேருமே தொழில் செய்வோர் என்று ஏடு சொல்லும்போது, விறகு சுமந்து மாடு மேய்த்து வயலில் களை பறித்த கைகள் எத்தனை விடுபட்டன என்ற ஐயம் எழாமற் போகாது.

ஆலைத் தொழிலின் கதை கான்பூரோடு தொடங்கியது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், படைக்கு வேண்டிய தோற்பொருளும் துணியும் செய்ய அங்கு ஆலைகள் எழுந்தன. 1901இல் இரண்டு இலட்சம் பேர் வாழ்ந்த நகரம் 1951இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியது. கிழக்கு மாவட்டத்தார் கல்கத்தா வரை போகாமல் நின்றுவிடக்கூடிய ஒரு துறையாக அது சில காலம் விளங்கிற்று. அப்பெரிய துணி ஆலைகள் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நலிந்து ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. 2011இல் கான்பூரும் லக்னோவும் சுற்றுப்புறங்களோடு சேர்த்து ஏறக்குறைய 29 இலட்சம் என்று சமமாக நின்றன. ஆலை நகரம் தேங்க, அலுவலக நகரம் அதை எட்டிப் பிடித்துவிட்டது. மாநிலத்து மக்களுள் நகரங்களில் வாழ்வோர் நூற்றுக்கு 22 பேரே.

கௌதம புத்த நகர் மாவட்டம் இதற்கு விலக்கு. 1976இல் தோன்றிய நொய்டா என்னும் தொழில் நகரம் அங்குள்ளது. ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்கள் அங்கே குவிந்தனர். அங்கு ஆயிரத்துக்கு 851 என்பதும் ஜான்பூரில் 1,024 என்பதும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள்.

ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும்

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். முழுவதும் என்று சொல்ல முடியாது. ஏனெனில் ஊரைவிட்டுச் செல்லாத ஒரு கூட்டத்தாரும் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பிழைப்புத் தேடித் தனியே போவதில்லை. ஆதலின் அவர்களிடையே காணும் ஆண் பெண் வேற்றுமைக்குக் குடிபெயர்ச்சியைக் காரணம் காட்ட இயலாது.

1991இல் உத்தரப் பிரதேசத்தில் அவ்வயதினருள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 927 பேர் இருந்தனர். 2001இல் 916, 2011இல் 902. அதே இருபது ஆண்டில், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 876இலிருந்து 898 ஆகிப் பின் 912 ஆக உயர்ந்தனர். ஒரு பத்தி ஏற, அடுத்த பத்தி இறங்குகிறது. மேற்போக்காகப் பார்ப்பவர் 912ஐக் கண்டு மகிழ்ந்து ஏட்டை மூடிவிடக்கூடும். மகப்பேற்றுச் சாவு குறைந்து மூத்த பெண்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கியது அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம், அது மகிழ்தற்குரியதே. ஆண்கள் வெளியேறியது இன்னொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்து பெண் மகவின் குறைவை மறைத்துவிட்டன.

2011இல் அவ்வயதில் ஆண் குழந்தைகள் 1 கோடியே 62 இலட்சம். பெண் குழந்தைகள் 1 கோடியே 46 இலட்சம். இயற்கையில் பெண் பிறப்பு ஆண் பிறப்பினும் சற்றுக் குறைவு. ஆயிரத்துக்கு 950 என்று கொண்டு பெருக்கினாலும் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண் குழந்தைகள் கணக்கில் இல்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறியும் கருவியைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1994இலேயே இந்திய அரசு சட்டம் இயற்றியிருந்தது. 1789இல் டங்கன் எழுதி வாங்கிய ஏட்டுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது போலும்.

இதில் மேற்கும் கிழக்கும் இடம் மாறி நிற்பது கருதத்தக்கது. குழந்தைகளுக்கான இக்கணக்கில் மாநிலத்திலேயே கடைசி இடம் பெற்றது கரும்பும் கால்வாயும் செழித்த மேற்குப் பகுதியின் பாக்பத் மாவட்டம். அங்கு ஆயிரத்துக்கு 841. முதலிடம் பெற்றது நேபாள எல்லையை ஒட்டிய ஏழை மாவட்டமாகிய பல்ராம்பூர், அங்கு 950. செல்வம் பெருகினால் இக்கொடுமை தானே ஒழியும் என்று எதிர்பார்த்தவர்களின் கணிப்பு இங்கே பொய்த்தது. நிலம் உடையவனுக்கு நிலம் சிதறாமல் இருக்க வேண்டும் என்ற கவலை. சீதனம் கொடுக்க வல்லவனுக்கு அது கூடிக்கொண்டே போகிறது என்ற கவலை. கருவியைப் பயன்படுத்தப் பணமும் அவனிடம் இருந்தது.

இல்லாதோர் திரும்பிய ஆண்டு

ஏட்டில் இல்லாத ஆண்களை உலகம் ஒரு முறை நேரிற் கண்டது. கொரோனாத் தொற்றைத் தடுக்க 2020 மார்ச்சு மாத இறுதியில் இந்தியா முழுவதும் ஊரடங்கு அறிவித்தபோது, வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் தில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் குஜராத்திலிருந்தும் இலட்சக்கணக்கில் ஊர் திரும்பினர். பேருந்தும் இரயிலும் நின்றுவிட்டமையால் பல நூறு கிலோமீட்டர் நடந்தே சென்றவர் பலர். அவர்கள் நடந்த பாதைகள் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலும் பீகாரிலும் போய் முடிந்தன. நூற்றாண்டுக்கு மேலாகக் குடிக்கணக்கு மறைமுகமாகச் சொல்லிவந்ததை நெடுஞ்சாலைகள் அந்தக் கோடையில் வெளிப்படையாகச் சொல்லின.

அதே தொற்றால் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளை ஆதார நாளாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என 2025 ஜூன் மாதம் இந்திய அரசு அறிவித்தது. இந்திய நாடாளுமன்ற மக்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு உள்ள 80 இடங்களும் தமிழ்நாட்டுக்கு உள்ள 39 இடங்களும் 1971ஆம் ஆண்டுக் கணக்கின் அடிப்படையில் உறைந்து நின்றவை. 1971க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாடு 4 கோடியே 12 இலட்சத்திலிருந்து 7 கோடியே 21 இலட்சமாக வளர்ந்தது. உத்தரப் பிரதேசம், இன்றைய எல்லைக்குள், 8 கோடியே 38 இலட்சத்திலிருந்து 19 கோடியே 98 இலட்சமாயிற்று. புதிய கணக்கு வரும்போது எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற வழக்கு எழுந்தே தீரும். ஜான்பூரில் பிறந்து சூரத்தில் தறி ஓட்டும் தொழிலாளி அக்கணக்கில் குஜராத்தில் ஒருவனாக எண்ணப்படுவான்; அவன் மனைவியும் மக்களும் ஊரில் எண்ணப்படுவர்; அவனது வாக்கு பெரும்பாலும் அவன் போய்ச் சேர முடியாத ஊர்ச்சாவடியிலேயே இருக்கும்.